வாலில்லாத டேப்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். கை, கால், பல் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன என்று மட்டும் எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? உன் டிரைவிங் ஸ்கூல் கார் இன்னும் முழுசாக இருக்கிறதா? கியர் போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார் என்றாயே ஒரு பேங்க்காரர், அவர் லைசென்ஸ் வாங்கிவிட்டாரா? வாங்கியிருந்தால் எந்தத் தெருவில் ஓட்டுகிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. நான் ஊருக்கு வந்தால் அந்தப் பக்கம் தலைகாட்டமாட்டேன்.

இந்தக் காலத்தில் எவனாவது கடிதம் எழுதுவானா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய். நான் ஒன்று உளறுவேன், அதை மறைக்க இன்னொன்று உளறுவேன். காலேஜை விட்டு நின்றதை உன்னிடம் மறைக்கப் போய் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். காகிதம் என்றால் நீ முழுசாகப் படித்த பிறகுதான் திட்ட முடியும்.

விஷயம் இதுதான். மாமா வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறார். லீவு என்று சொல்வார். லீவு இல்லை. லீவில் போகிறவர்கள் கயிற்றில் தொங்கும்போது கட்டுகிற பெல்ட்டை இங்கேயே லாக்கரில் பூட்டிவிட்டுப் போவார்கள். அவர் பெல்ட்டையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார். பை கனமாக இருக்கும். நீ கை நீட்டி வாங்காதே. அவரே உள்ளே தூக்கிக்கொண்டு போகட்டும். இவ்வளவு கனமாக என்ன இருக்கிறது என்று கேட்காதே.

விசாரணை முடியும் வரை அவர் கயிற்றில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முடிந்த பிறகும் ஏற விடுவார்கள் என்று இங்கே யாரும் நினைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். காற்றாலை இறக்கை கீழேயிருந்து பார்க்கத்தான் கெட்டியாகத் தெரியும். உள்ளே வெறும் கூடு. கண்ணாடி நார்த் துணியையும் ரெசினையும் வைத்துச் செய்தது. எப்படியாவது கொஞ்சம் மழைத் தண்ணீர் உள்ளே போய்விடும். அது வெளியே வருவதற்காக நுனியில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை வைத்திருப்பார்கள். இறக்கை சுற்றும்போது தண்ணீர் தானாகவே நுனிக்கு வந்து அந்தத் துளை வழியே தெறித்துப் போய்விடும். நாங்கள் நுனியைத் தேய்த்து, பட்டி பூசி, பெயிண்ட் அடிக்கும்போது துளைக்குள் ஒன்றும் போகாமல் இருக்க மேலே டேப் ஒட்டுவோம். வேலை முடிந்ததும் டேப்பை உரித்துவிட்டு, ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

கோடையில் மாமாவின் குழு பார்த்த ஒரு இறக்கையில் யாரோ டேப்பை உரிக்க மறந்துவிட்டார்கள். டேப்புக்கு மேலேயே பெயிண்டும் அடிக்கப்பட்டுவிட்டது. மழைக்காலம் வந்தது, உள்ளே தண்ணீர் சேர்ந்தது. போன வாரம் அதில் இடி விழுந்தது. தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, விசில் அடைத்துக்கொண்ட குக்கர் மாதிரி நுனி வெடித்துவிட்டது.

வெடித்த துண்டு ஒரு ஆள் உயரம் இருக்கும். நாங்கள் பக்கத்துக் காற்றாலைக் கம்பத்திலிருந்து இறங்கி, அதன் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தோம். எங்களை ஏற்றிப்போக வந்த வேன்மேல் அது விழுந்தது. வேன் டிரைவரை ஹாரன் என்று கூப்பிடுவோம். மாடு குறுக்கே படுத்திருந்தாலும் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார், அதனால். அவர் வேனை நிறுத்திவிட்டு ஒன்றுக்குப் போயிருந்தார். அதனால் பிழைத்தார். என் உசுரைக் காப்பாத்துனது என் மூத்திரப்பைதான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு வேனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

டிரைவர் சீட்டோடு பின்சீட்டும் நசுங்கியது. நான் வழக்கமாகக் காலை நீட்டித் தூங்குகிற சீட். அதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நுனித் துளையைக் குழுத் தலைவர் தன் கண்ணால் பார்த்து, திறந்திருக்கிறது என்று வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம். தலைவர் மாமாதான். அன்றைக்கு அவர் குரல்தான் அதைச் சொல்லியிருக்கிறது. கூப்பிட்டு விசாரித்தபோது, டேப் ஒட்டியதும் நான்தான், மறந்ததும் நான்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சூப்பர்வைசர் மேடம் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார். மாமா வாய் மாறவில்லை.

அக்கா, அவர் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே நான் அப்பவே சொன்னேன் என்று ஆரம்பிக்காதே. அவர்மேல் தப்பு இல்லை. யாரோ செய்த தப்பு. அவரால் வீட்டில் சும்மா உட்கார முடியாது. கதவையும் சுவரையும் விரலால் தட்டித் தட்டி, உள்ளே பொள்ளலாக இருக்கிறதா என்று காது வைத்துக் கேட்பார். தொழில் பழக்கம். விட்டுவிடு. அவருக்கு இடது முட்டியில் வலி இருக்கிறது. உன்னிடம் சொல்லமாட்டார். துணி காயப்போட மொட்டைமாடிக்கு அனுப்பாதே.

என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதே அறை, அதே இரட்டைக் கட்டில். கீழ்க்கட்டில் மட்டும் வெள்ளிக்கிழமையிலிருந்து காலி. நார்த்தூசி அரிப்பு உடம்பை விட்டுப் போகவே போகாது போலிருக்கிறது, சட்டைக் காலரில் எல்லாம் குத்துகிறது. எனக்குப் புதிதாக ஒரு கயிற்றுத் துணை கொடுத்திருக்கிறார்கள். சிரித்தால் வரி போடுவார்கள் என்று பயப்படுகிற முகம். உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறேன், இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு பரவாயில்லை. எல்லோரும் என்னிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொள்கிறார்கள்.

மாமாவைப் பார்த்துக்கொள். அவர் கேட்காவிட்டாலும் இரண்டாவது தடவை டீ போட்டுக் கொடு.

என்றும் உன் அன்புள்ள,
தம்பி

* * *

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொன்னால் தபால்காரர் சண்டைக்கு வருவார். டிரைவிங் ஸ்கூல் நோட்டீசின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி. யாரோன்னா யாருடா?

நான் நாலு பக்கம் எழுதினேன். மாமா வருகிறார், வேன் நசுங்கியது, முட்டி வலி, இவ்வளவு விஷயத்துக்கு நடுவில் நீ அந்த ஒரு வார்த்தையில் போய் விரலை வைத்திருக்கிறாய்.

நான்தான் அக்கா.

அன்றைக்கு நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். இறக்கையைத் தரையைப் பார்த்து நிறுத்திப் பூட்டிவிட்டு, உச்சியிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கயிற்றில் இறங்கினோம். மாமா நடுவில், விளிம்பில் நின்றுவிட்டார். மழையும் மணலும் அடித்து அடித்து அந்த விளிம்பு எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. நான் கீழே நுனியில். அவர் தொங்குகிற இடத்திலிருந்து நுனி தெரியாது. என் ஹெல்மெட்டின் உச்சி மட்டும் தெரியும்.

நுனியை நான் அழகாகச் செய்தேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். கண்ணாடி மாதிரி இருந்தது. நான் வாழ்க்கையில் முழுசாக முடித்த வேலைகள் ரொம்பக் குறைவு என்று நீதானே சொல்வாய். இதை முடிக்கப் போகிறேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் பெயிண்டைத் துளைக்கு மேலேயும் இழுத்துவிட்டேன். டேப்பும் வெள்ளை, இறக்கையும் வெள்ளை. டேப்பை முதலிலேயே உரித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கீழே பசங்கள் பந்து விளையாட ஆரம்பித்திருந்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் எறும்புகள் மிளகை உருட்டுகிற மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் ஒரு ஆள் குறைந்தது. அது நான். கம்பி என் முதுகுப் பக்கம் தொங்கிய பையில் இருந்தது. எடுக்க வேண்டும் என்றால் பையை முன்னால் சுற்ற வேண்டும், ஜிப்பைத் திறக்க வேண்டும், கையுறையைக் கழற்ற வேண்டும். மாமா மேலேயிருந்து, கம்பி விட்டுப் பாத்தியா மாப்ள என்று கேட்டார். பாத்தேன் மாமா என்றேன். நல்லா பாத்தியா என்றார். அட பாத்தேன் மாமா, கண்ணு தெரியும் எனக்கு என்றேன்.

அவர் கீழே இறங்கி வந்து பார்த்திருக்க வேண்டும். சட்டம் அதுதான். ஆனால் நான் பார்த்தேன் என்று சொன்னது அவருக்குப் போதுமாக இருந்தது. வாக்கிடாக்கியை எடுத்து, நுனி பார்த்தாச்சு, திறந்திருக்கு என்று சொல்லிவிட்டார். நான் இறங்கிப் போய் ஒரு கோல் போட்டேன். அந்தக் கோல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் சிவப்பு ஷால் காணாமல் போனதே, அலமாரியையே கொட்டித் தேடிவிட்டு நான்தான் எங்கேயோ விட்டுவிட்டேன் என்று வைதாயே, அதை எடுத்தது மாமா. வெள்ளையில் வெள்ளை தெரியாது என்று, டேப் ஒட்டுகிற இடத்தில் எல்லாம் அந்த ஷாலைக் கிழித்து ஒரு முழத் துண்டு வால் மாதிரி தொங்கவிடுவார். காற்றில் படபடவென்று அடிக்கும். மறக்கவே முடியாது. குழுவில் எல்லோரும் வீட்டம்மா கொடி ஏத்தியாச்சுடா என்று ஓட்டுவார்கள். அவர் காதில் வாங்கமாட்டார். எனக்கும் ஒரு கற்றை கிழித்துக் கொடுத்து, பாக்கெட்டுல வெச்சுக்கோ மாப்ள என்றார். நான் பாக்கெட்டில்தான் வைத்துக்கொண்டேன். அந்த வால் ஈரப் பெயிண்டில் ஒட்டிக் கோடு போடும், என் கண்ணாடி மாதிரி வேலை கெட்டுப்போகும் என்று நான் அதைக் கட்டுவதே இல்லை.

வெடித்த துண்டை இப்போது பட்டறையில் கட்டைமேல் கிடத்தியிருக்கிறார்கள். பெயிண்டைச் சுரண்டியதில் டேப் தெரிகிறது. வால் இல்லை.

மேடம் புதுசு, அவருக்கு வால் கதை தெரியாது. குழுவுக்குத் தெரியும். அந்தத் துண்டைச் சுற்றி நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

எனக்கு இங்கே பெயரே அவசரம்தான். எங்கடா அவசரம், அவசரத்துக்குச் சோறு போடு, அவசரம் பேன்ட்டைத் திருப்பிப் போட்டிருக்கான் பாரு, இப்படித்தான் நாள் பூராவும். அன்றையிலிருந்து யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. தம்பி, டீ எடுத்துக்கோங்க என்கிறார்கள். ஹாரன்கூட என்னை வாங்க போங்க என்கிறார். மரியாதையாக நடந்துகொள்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது இதுதான். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

மாமா கிளம்பும் முன்னால் நான் மேடத்திடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் பெல்ட்டை மடித்துக்கொண்டே பேசினார். நீ இப்பப் போயிச் சொன்னா நான் பாத்தேன்னு சொன்னதும் பொய், ஒட்டினேன்னு சொன்னதும் பொய், ரெட்டைப் பொய்யன்னு என்னையும் துரத்துவாங்க, உன்னையும் துரத்துவாங்க, ஒருத்தனாவது கயித்துல இரு, வாயைத் திறக்காதே என்றார். உங்க அக்காகிட்ட உன்னைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் காரில் உன் காலடியில் இன்னொரு பிரேக் இருக்குமே, ஓட்டுகிறவன் என்ன கோமாளித்தனம் செய்தாலும் நீ மிதித்து நிறுத்திவிடுவாயே. எனக்கு அது மாமாதான் அக்கா. அவர் மேலே இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

இப்போது நான் பேசினால் அவர் பொய்யர் ஆகிறார். பேசாவிட்டால் அவர் கவனமில்லாதவர் ஆகிறார். அவ்வளவு கவனமான மனுஷன். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே செய்கிறேன். ஒரு வரி போதும். நோட்டீசின் பின்பக்கமே போதும்.

இப்படிக்கு,
அந்த யாரோ

* * *

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீ பதில் போடவில்லை. தபால் வருகிற நேரத்துக்கெல்லாம் வாசலில் போய் நின்றேன். தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்தே கையை விரிக்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் கோபம் என்று நினைத்தேன். பிறகு நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. கடைசிப் பாடத்தன்று உன் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து மடக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவாய், அப்போதுதான் ஓட்டுகிறவன் ரோட்டையே பார்ப்பான் என்று. பதில் போடாதது அதுதானா? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இல்லை, என் கையெழுத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அதுவும் நியாயம்தான்.

மேடத்திடம் சொல்லிவிட்டேன். நான் சொல்லி முடிக்கும் வரை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் மேசையைத் தட்டிக் கத்தினார். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க, குடும்பமா சேர்ந்து கூத்து நடத்துற இடமாடா இது என்றார். பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய் அந்தத் துண்டுக்கு முன்னால் நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வால் கதையையும் சொன்னேன்.

பிறகு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. வேற எந்தெந்த நுனி நீ முடிச்சே என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மற்றதில் எல்லாம் உரித்துவிட்டேன் மேடம், மறந்திருந்தால் எனக்கு ஞாபகம் இருக்கும் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மடத்தனம் என்று எனக்கே உறைத்தது. மறந்தது எப்படிடா ஞாபகம் இருக்கும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. உம்மணாமூஞ்சி. அவர் என் எதிரில் பேசிய முதல் வார்த்தை அது.

நீ தொட்டதை எல்லாம் நீயே தொட்டுக் காட்டிட்டு இறங்கு, அதோட கயிறு முடிஞ்சுது உனக்கு என்றார் மேடம். உம்மணாமூஞ்சியும் நானும் ஒவ்வொரு இறக்கையாக இறங்கினோம். நான் கம்பியை விடுவேன். அவர் என் தோளுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு தன் கண்ணால் பார்ப்பார், பிறகு என் கையிலிருந்து கம்பியை வாங்கித் தானும் ஒருமுறை விடுவார். ஒன்று திறந்திருந்தது. அடுத்ததும் திறந்திருந்தது. பார்த்தீர்களா என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

கடைசியாகப் பார்த்தது, ஊழியர்கள் குடியிருப்புக்குப் போகிற ரோட்டை ஒட்டின கம்பம். கம்பியை விட்டேன், போகவில்லை. துளை இருக்கிற இடமே தெரியவில்லை. வழவழவென்று, கண்ணாடி மாதிரி. உம்மணாமூஞ்சி கத்தியை நீட்டினார். சுரண்டினேன். டேப். வால் இல்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. பழுப்பு நிறம், குமட்டுகிற ரெசின் நாற்றம். நின்றுவிடும், நின்றுவிடும் என்று பார்க்கிறேன், வந்துகொண்டே இருக்கிறது. கீழே ரோட்டில் பள்ளிக்கூடத்து வேன் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. மேற்கே மேகம் கட்டியிருந்தது.

முதல் துளையில் சொன்ன பொய்யாவது எனக்கு ஞாபகம் இருந்தது அக்கா. இந்த இரண்டாவது எனக்கு ஞாபகமே இல்லை. எந்த நாள், என்ன அவசரம், கீழே யார் கூப்பிட்டார்கள், ஒன்றும் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் அதைத் தேடியிருக்கமாட்டார்கள். மாமாவுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தபோது, அது அங்கே நிரம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த இறக்கையிலும் பார்த்தாச்சு என்று சொன்னது மாமாவின் குரல்தான். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. மேடம் அவருக்குப் போன் செய்து சொன்னார். அவர் ஊருக்கு வந்ததிலிருந்து என் போனை எடுத்ததில்லை, உனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். ஹலோ இல்லை, மாப்ள இல்லை. பின்னால் நீ பாத்திரம் கழுவுகிற சத்தம். பிறகு, தண்ணி கண்ணுல பட்டுச்சா என்றார். பட்டது மாமா என்றேன். ரெசின் தண்ணிடா அது, ஒரு தடவை கழுவினாப் பத்தாது, நல்லாக் கழுவு என்றார். வைத்துவிட்டார். கழுவிவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடு. கண்ணில் சிவப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது தண்ணீரால்தான் என்று சொல்.

என்னை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. இனிமேல் கயிறு இல்லை. தரையில், பட்டறையில், கழற்றி வைத்த இறக்கைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. நின்றுகொண்டு தேய்க்க வேண்டும், ஆடவும் முடியாது, ஓடவும் முடியாது. எனக்கு ஏற்ற தண்டனை என்று நீ சிரிப்பாய். சிரி. நேற்று ஹாரன் பட்டறை வாசலில் நின்று, டேய் அவசரம், டீ ஆறுது பாரு, வந்து தொலை என்று கத்தினார். நான் முகத்தில் தூசி முகமூடியோடே டீ எடுக்கப் போய்விட்டேன்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. அடுத்த வாரம் மாமாவை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுபடி குழுத் தலைவர் ஆக முடியாது, உறவுக்காரர்கள் இனிமேல் ஒரே கயிற்றுக் குழுவில் இருக்கவும் முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார். ஆனால் அவர் உள்ளதை உள்ளபடி சொன்னால் மறுபடி கயிற்றில் ஏறலாம். பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னேன், ஒட்டியது என் மச்சினன் என்று அவரே தன் வாயால் சொல்ல வேண்டும். நான் இவ்வளவு சொன்ன பிறகும், நான்தான் ஒட்டினேன், சின்னப் பையன் எனக்காகப் பொய் சொல்றான் என்றே அவர் மேடத்திடம் போனில் சாதித்திருக்கிறார். அந்த மனுஷன் வாய் யாருக்கும் மாறாது. உனக்கு மட்டும் மாறும்.

அவர் கயிற்றுக்கே திரும்பப் போக வேண்டாம் என்று நீ சொன்னால் நான் குறுக்கே பேசமாட்டேன். வேன் நசுங்கிய கதையை உனக்கு எழுதியவனே நான்தான். ஆனால் விசாரணைக்கு மட்டும் அவரை அனுப்பு அக்கா. எனக்குக் கொடுத்த வாக்கை நீங்கள் காப்பாற்றியாச்சு, இனி அவன் சுமக்கட்டும் என்று அவரிடம் நீ சொல்ல வேண்டும். அவர் எனக்காகச் சொன்ன பொய்க்குக் கீழே என்னால் நின்று வேலை செய்ய முடியவில்லை.

அவர் பையின் அடியில் உன் சிவப்பு ஷாலின் மிச்சம் இருக்கும். பாதிக்கு மேல் கிழிந்திருக்கும். அதைப் பார்த்து அவரைத் திட்டாதே, தூக்கியும் எறியாதே. அவர் விசாரணைக்குக் கிளம்பும்போது பையிலேயே இருக்கட்டும். முடிந்தால் அதில் ஒரு முழம் எனக்கும் கிழித்துக் கொடுத்தனுப்பு. பட்டறையிலும் துளைகளுக்கு டேப் ஒட்டுகிற வேலை என்னிடம்தான் வந்திருக்கிறது. நீ உன் கையால் கிழித்தது என்றால் நான் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளமாட்டேன்.

கொடுத்தனுப்பாவிட்டாலும் புரிந்துகொள்வேன். வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன்,
தம்பி